கனடாச் சித்தப்பாவும் காபரேட்டரும்

நெடுந்தீவில் முதல் படகு ஏறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, பத்து மணிக்கு என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தீர்கள், தங்கச்சி. கையில் ஒரு கலண்டர் தாள். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்கு: யாழ்ப்பாணத்தில் அறை, சாப்பாடு, மூன்று பாடத்துக்கு ரியூசன், மாதம் 35,000 ரூபா. "உயர்தரத்தில கணிதம் எடுத்து எஞ்சினியரா வரட்டும் எண்டு கனடாச் சித்தப்பா சொல்லுறார், முதல் ஆறு மாதக் காசை அவர் அனுப்புவாராம்" என்றீர்கள். மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது மட்டும் மேலே பார்த்து, "சேர், உந்த விசிறியின்ட புஷ் தேஞ்சிட்டுது" என்றான்.

அன்றைக்கு, பயப்படாதீர்கள், யோசிப்போம் என்று சொல்லி அனுப்பினேன். யோசித்துவிட்டேன். அவனைக் கணிதப் பிரிவில் சேர்க்க வேண்டாம்.

சாதாரண தரத்தில் அவனுக்குக் கணிதம் சி, விஞ்ஞானம் எஸ், அதாவது வெறும் சாதாரண சித்தி. அதை வைத்துக்கொண்டு பௌதிகவியலில் முட்டி மோத வேண்டும். மாவட்டக் கோட்டா கைகொடுக்கும் என்பது சித்தப்பாவின் நம்பிக்கை. பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடு தழுவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில் என்பது சரிதான். ஆனால் மாவட்டம் என்றால் யாழ்ப்பாண மாவட்டம். நெடுந்தீவுப் பெடியனும், நல்லூரில் காலையும் மாலையும் சைக்கிளில் ரியூசனுக்குப் போகிற பெடியனும் ஒரே பட்டியலில்தான் நிற்கிறார்கள். கடல் தாண்டி வந்ததற்குத் தனி வெட்டுப்புள்ளி கிடையாது.

அடுத்தது உங்கள் கலண்டர் தாள். உயர்தரம் முடிய இரண்டு வருடத்துக்கு மேலே ஆகும். 24 மாதம் என்றே பிடித்தாலும் 8,40,000 ரூபா. சித்தப்பா தருவது 2,10,000. மீதி 6,30,000 எங்கிருந்து? உங்களிடம் இருப்பது கழுத்தில் ஒரு தாலிக்கொடியும் கரையில் ஒரு வள்ளமும். இரண்டிலும் கை வைக்கக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவுக்குப் போனபோது, தொழிலுக்குப் போகாமல் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று நீங்களே சொன்னீர்கள். அப்படி ஒரு காலம் இன்னொரு தடவை வந்தால், அடகுக் கடைக்கு வட்டியை யார் கட்டுவது?

நீங்கள் முறைப்பாடாகச் சொன்ன ஒன்றுதான் எனக்கு மனதில் நின்றது. "பல்லுத் தேய்க்கிற பிரஷ்சை எடுத்துத் தகப்பன்ட எஞ்சின் காபரேட்டரைக் கழுவிறான், சேர்." அதனால்தான் உங்களை வெளியே தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். மண்ணெண்ணெய் எஞ்சினை ஏன் பெற்றோலில் இழுத்து ஸ்ராட் பண்ணுகிறார்கள்? சூடாகாமல் மண்ணெண்ணெய் ஒழுங்காக எரியாது என்றான். நிறுத்துவதற்கு முன்னும் கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓட விட்டால்தான் காபரேட்டர் துப்புரவாக இருக்கும், அப்பா அதைச் செய்வதில்லை என்றும் சேர்த்துக்கொண்டான். கியர் ஒயில் பால் மாதிரி வெளுத்து வந்தால்? சீல் போய்க் கடல்தண்ணி உள்ளே இறங்கிவிட்டது. எஞ்சின் பின்னால் பீச்சுகிற தண்ணி மெலிந்தால்? பம்புக்குள் இருக்கிற இம்பெல்லர் றப்பர் தேய்ந்துவிட்டது, அப்படியே ஓட்டினால் எஞ்சின் இறுகிப்போகும். பதினாறு வயதில் இதை அவனுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

படகு எஞ்சின் திருத்தும் தொழில் நம்மவர் கண்ணில் படுவதே இல்லை. நெடுந்தீவில் உங்கள் ஆட்கள் எஞ்சின் பழுதானால் என்ன செய்கிறீர்கள்? கழற்றிச் சாக்கில் சுற்றி, படகில் ஏற்றி, குறிகட்டுவானில் இறக்கி, ஓட்டோ பிடித்துப் பட்டணம் கொண்டுபோகிறீர்கள். சோளகக் காற்றுத் தூக்கினால் அதுவும் இல்லை. போய்வந்த கூலி, திருத்தக் கூலியை விட அதிகம் என்றார் உங்கள் அவர். அந்தக் கூலியிலும் அந்த இழந்த நாட்களிலும்தான் உங்கள் மகனுக்குப் பிழைப்பு இருக்கிறது.

ஆனால் கைப்பழக்கம் மட்டும் போதாது. அவனுக்குத் தெரிந்தது பழைய இரண்டு ஸ்ரோக் எஞ்சின். இனி வருவது நாலு ஸ்ரோக், எரிபொருளை இலத்திரனியல் முறையில் பீச்சுவது. பல் பிரஷ் அங்கே செல்லாது, மீற்றர் பிடித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் ஒரு நிலையம் உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், தொழிற்பயிற்சிகளும் அங்கே நடக்கும். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இன்னொன்று. அங்கே வாகனம், மின்சாரம் என்று என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) பயிற்சிகள். இந்த முறை எந்த வகுப்புத் தொடங்குகிறது, விடுதி கிடைக்குமா என்று இரண்டு இடத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். அரச பயிற்சிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, இருந்தாலும் சிறு தொகை. தனியார் யாராவது கப்பல் வேலை, உடனடிச் சான்றிதழ் என்று இலட்சக்கணக்கில் கேட்டால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழும்பி வாருங்கள்.

என்.வி.கியூ.வில் நிலை 4 எடுத்தால் அவன் தேர்ந்த தொழிலாளி. 5, 6 டிப்ளோமா. அதற்கு மேலும் படிக்க மனம் வந்தால் இரத்மலானையில் தொழிற்பயிற்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, உயர்தரம் இல்லாமலே பட்டம் வரை போகலாம். சித்தப்பாவுக்கு எஞ்சினியர் என்ற சொல்தான் வேண்டுமென்றால், அதுவும் அந்தப் பாதையில் எட்டாத தூரத்தில் இல்லை என்று சொல்லுங்கள். (உங்கள் அயலில் இருபது வருடம் எஞ்சின் பார்க்கிற அந்த ஐயாவுக்கும் சொல்லுங்கள். வகுப்புக்குப் போகாமலே, அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முறை இருக்கிறது.)

தேனும் பாலும் ஓடும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தீவில் நாலாயிரம் பேர் அளவில்தான் சனம். ஒரு மெக்கானிக் நன்றாக வாழலாம், மூன்று பேர் என்றால் கஷ்டம். மீன்பாடில்லாத மாதத்தில் எல்லாரும் கடன் கொப்பியில் எழுதச் சொல்வார்கள். அதனால் நயினாதீவு, புங்குடுதீவு வள்ளங்களையும் பிடிக்க வேண்டும். குதிரையும் பெருக்கு மரமும் பார்க்க வருகிறவர்களின் படகுகளுக்கும் எஞ்சின் உண்டு. மின்சாரமும் கொஞ்சம் படித்து வைக்கட்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்தப் பற்றரிகளையும் தகடுகளையும் பார்க்க ஒவ்வொரு முறையும் கொழும்பிலிருந்து ஆள் வருவதா?

"மெக்கானிக்குக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?" என்று அம்மம்மா கேட்டாராம். அவனுக்குப் பதினாறு வயது. அந்தக் கேள்விக்கு இப்போது நான் பதில் சொல்லத் தேவையில்லை.

சித்தப்பாவை முறைத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த 2,10,000இல் கால்வாசிக்கு ஒரு நல்ல கருவிப் பெட்டியும் ஒரு மல்ற்றிமீற்றரும் வாங்கித் தரச் சொல்லுங்கள். மீதியை வங்கியில் போட்டு வையுங்கள்.

எதற்கு என்று கேட்பீர்கள். அன்றைக்கு நீங்கள் ஒரு மணித்தியாலம் பேசினீர்கள். அதில் ஒரே ஒரு தடவை, "தங்கச்சிக்காரி தரம் 9, அவள் விஞ்ஞானத்தில முதலாம் பிள்ளை, அவளுக்குப் பிறகு பாப்பம்" என்றீர்கள். அறையும் ரியூசனும் கணக்குப் போட வேண்டியது அவளுக்குத்தான். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அடுத்த முறை மகனின் பெறுபேற்றுத் தாளோடு வரும்போது, அவளையும் படகில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.