கேள்வி: மருந்தடிக்காமல், மரபணுவை மாற்றி வந்தேறிப் பூச்சிகளை ஒழிக்க முடியுமா?

சில பூச்சிகளை முடியும். எல்லாவற்றையும் முடியாது.

போன வாரம் பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் வாங்கிய தக்காளியை நறுக்கினேன். காம்படியில் குண்டூசி முனை அளவு ஓட்டை, உள்ளே பச்சையாக ஒரு புழு நெளிந்தது. தக்காளி ஊசிப்புழு. தென் அமெரிக்கப் பூச்சி. இந்தியாவில் 2014-ல் மகாராஷ்டிரத்தில் முதலில் தென்பட்டது. இலைக்குள்ளும் காய்க்குள்ளும் ஒளிந்துகொள்வதால் மருந்து அதன்மேல் சரியாகப் படுவதில்லை. கோலார் பக்கம் தக்காளி போடுகிறவர்களைக் கேட்டால் வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள்.

சரி, மரபணு வழிக்கு வருவோம். யோசனை பழையது. 1954-ல் கரீபியக் கடலில் உள்ள குராசோ தீவில், ஆடுகளின் புண்ணில் முட்டையிடும் திருகுப்புழு ஈயை வளர்த்து, ஆண்களைக் கதிர்வீச்சால் மலடாக்கி விமானத்திலிருந்து விட்டார்கள். அந்த ஈயில் பெண் பெரும்பாலும் ஒரே முறைதான் இணை சேரும். மலட்டு ஆணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. சில மாதங்களில் தீவில் அந்த ஈயே இல்லை.

இப்போது கதிர்வீச்சின் இடத்தில் மரபணு. மாற்றிய ஆணுக்குப் பிறக்கும் பெண் புழுக்கள் வளருமுன்பே சாகும். ஆண்கள் பிழைத்து அந்த மரபணுவைக் கடத்தும். 2024-ல் ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் இப்படி மரபணு மாற்றிய ஆண் கொசுக்களை விட்டார்கள். அங்கே அது வந்தேறிக் கொசு; நம் நகரங்களில் மலேரியா பரப்பும் அதே அனோபிலிஸ் ஸ்டீபென்சி!

ஜீன் டிரைவ் என்பது இன்னும் வேகமான முறை: மாற்றிய மரபணு பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் போகாமல் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பரவும். பரவிவிட்டால் திரும்ப அழைக்க முடியாது. அதில் அவசரப்படக் கூடாது என்பேன்.

ஊசிப்புழுவில் இன்னொரு சிக்கல். ஆணே இல்லாமல் பெண் இனப்பெருக்கம் செய்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் மலட்டு ஆணை மட்டும் நம்ப முடியுமா? இப்போதைக்கு முட்டை ஒட்டுண்ணிக் குளவியை (பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் சின்னக் குளவி) விடுவதும், புழு விழுந்த காயைப் பறித்து அழிப்பதும் கைவசம் உள்ள வழிகள்.