தொடைக்கு ரத்தம் எந்தக் குழாயில் வருகிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொடைத் தமனியின் துடிப்பை எங்கே தேடுவது? எனக்குப் பலமுறை கிடைப்பதில்லை. – நர்சிங் மாணவி, நாகர்கோவில்

கவட்டி மடிப்பை நம்பாதீர்கள். பருத்த உடலில் மடிப்பு கீழே இறங்கிவிடும். எலும்பைப் பிடித்துத் தேடுங்கள். இடுப்பின் முன்பக்கம் துருத்தும் எலும்பு முனையில் ஒரு விரல், நடுவே, அடிவயிற்றின் கீழ்முனையில் பூப்பெலும்புகள் சேரும் இடத்தில் ஒரு விரல். இரண்டுக்கும் சரிபாதியில், சற்றுக் கீழே, மூன்று விரல் நுனியால் அழுத்தினால் துடிப்பு தட்டும். அங்கே வெளியிலிருந்து உள்நோக்கி வரிசை: நரம்பு, தமனி (காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்), சிரை (ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்). நம்மூரில் ரத்தக்குழாயையும் ‘நரம்பு’ என்றே சொல்வதால், நோயாளியிடம் பேசும்போது எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பெரிய தொடைக்கு அந்த ஒரு குழாய் போதுமா? – பிசியோதெரபி மாணவர், மார்த்தாண்டம்

தொடைத் தமனி பெரும்பாலும் தொடையைக் கடந்து போகிற குழாய்தான். தோவாளைச் சானல் ஓரத்து வயலை நினைத்துக்கொள்ளுங்கள்: சானல் போய்க்கொண்டே இருக்கும், வயலுக்குத் தண்ணீர் மடை வழியாகத்தான் வரும். இங்கே அந்த மடை, ஆழ்தொடைத் தமனி. கவட்டித் தசைநாருக்கு (கவட்டியில் குறுக்கே ஓடும் நார்) 3–4 செ.மீ. கீழே, பெரும்பாலும் பின்புறமும் வெளிப்புறமுமாகப் பிரிகிறது. அதன் வெளிச்சுற்றுக் கிளை முன்தொடைத் தசைகளுக்கும், உள்சுற்றுக் கிளை தொடை எலும்பின் தலைக்கும் போகின்றன. மூன்று துளைக்கும் கிளைகள் எலும்பை ஒட்டித் தசையைத் துளைத்துப் பின்தொடைக்குப் போகும். ஆழ்தொடைத் தமனியின் முடிவையே நான்காவதாகக் கணக்கிடுவார்கள். உள்தொடைக்கு இடுப்புக்குள்ளிருந்து தனியாக ஒரு தமனியும் வருகிறது. தாய்க்குழாயோ உள்தொடைத் தசைகளுக்கு நடுவிலுள்ள கால்வாயில் இறங்கி, பெரிய உள்தொடைத் தசையின் ஓட்டை வழியாக முழங்காலின் பின்பக்கம் போய்ச் சேரும்.

அப்பாவுக்கு 62 வயது, பீடி பழக்கம் உண்டு. 200 மீட்டர் நடந்தால் ஆடுசதை இறுகுகிறது, நின்றால் சரியாகிறது. தொடையில் வலியே இல்லை. – குளச்சல்

தொடை வலிக்காததே நல்ல துப்பு. மேலே சொன்ன ஓட்டையை ஒட்டிய பகுதிதான் அடைப்பு அதிகம் விழும் இடம். ஆழ்தொடைத் தமனி திறந்திருப்பதால் தொடை தப்பிக்கிறது. அதன் கிளைகள் முழங்காலைச் சுற்றிக் கீழேயும் கொஞ்சம் ரத்தம் கொடுக்கின்றன. பிட்டமும் வலித்தால் அடைப்பு இன்னும் மேலே என்று சந்தேகிக்க வேண்டும்.

கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. நெடுநாள் சர்க்கரை நோயில் குழாய் கல்லாக இறுகி, 1.4-ஐத் தாண்டிப் பொய்க் கணக்குக் காட்டும். அப்போது கால் பெருவிரலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பீடியை அடியோடு விடவேண்டும். வலி ஏறும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது என்று 30 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, 12 வாரம் செய்யட்டும். ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, விரலில் ஆறாத புண் வந்தாலோ தாமதிக்காதீர்கள். கால் திடீரென வெளுத்து, குளிர்ந்து, மரத்துப்போனால் அது மணிக்கணக்கு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பாட்டி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. திருகு போடாமல் மூட்டையே மாற்றச் சொல்கிறார்கள். ஏன்? – தக்கலை

ஆழ்தொடைத் தமனியின் உள்சுற்றுக் கிளையிலிருந்து வரும் நுண்குழாய்கள் தொடை எலும்பின் கழுத்தை (தலைக்குக் கீழே ஒடுங்கிய பகுதி) ஒட்டித்தான் அதன் தலைக்கு ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுந்து, எலும்பின் தலை பட்டுப்போகும். முதியவருக்கு இரண்டாவது அறுவையைத் தவிர்க்கவே மாற்றச் சொல்கிறார்கள்.

ரப்பர் பால்வெட்டும்போது கத்தி வழுக்கி உள்தொடையில் ஏறிவிட்டால்? – குலசேகரம்

சுத்தமான தோர்த்தை (துண்டை) காயத்துக்குள்ளேயே திணித்து, இரு கையாலும் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். எட்டிப் பார்ப்பதற்காகக் கையை எடுக்காதீர்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். அப்படியும் ரத்தம் பீய்ச்சினால், காயத்துக்கு 5–7 செ.மீ. மேலே அகலத் துணியைச் சுற்றி, கம்பு செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். அரைகுறையாகக் கட்டினால் சிரை மட்டும் அடைபட்டு, தமனி திறந்தே இருக்கும். ரத்தம் கூடத்தான் போகும். காயம் கவட்டியிலேயே என்றால் கட்ட இடமில்லை. திணித்து அழுத்துவது ஒன்றே வழி. கட்டிய நேரத்தைத் தோலிலேயே பேனாவால் எழுதுங்கள். 2 மணி நேரம் தாண்டினால் தசைக்கு ஆபத்து கூடும். ஆனாலும் வழியில் அவிழ்க்க வேண்டாம், அதை ஆஸ்பத்திரியில்தான் அவிழ்க்கவேண்டும்.