அப்பாவின் துவக்கு பிள்ளைக்கு வருமா?

கேள்வி: மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் வயலும் 2 ஏக்கர் மேட்டுநிலமும் இருக்கு. வயல் காவலுக்கென்று அப்பா லைசன்ஸ் எடுத்து ஒரு 12 போர் சொட்கன் வைத்திருந்தார். போன வருசம் மாசியில் அவர் காலமாகிவிட்டார். துவக்கு இன்னும் வீட்டு அலுமாரியில்தான் இருக்கு, 7 தோட்டாவும் இருக்கு. லைசன்ஸை யாரும் புதுப்பிக்கவில்லை. பன்றியும் யானையும் ஒரு போகத்தையும் விட்டுவைப்பதில்லை. இதற்கிடையில் தம்பி, பன்றி வரும் வழியில் கட்டுத்துவக்கு (நூலில் கால் பட்டால் தானே வெடிக்கும் பொறி) வைப்போம் என்கிறான். அமெரிக்காவில் இருக்கிற அத்தான், துவக்கு வைத்திருப்பது மனிசனுடைய உரிமை, கோர்ட்டுக்குப் போனால் வாங்கலாம் என்கிறார். அப்பாவின் துவக்கை என் பெயருக்கு மாற்ற முடியுமா ஐயா?

பதில்: மாற்றக் கேட்கலாம். அதற்கு முதல், இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்தத் துவக்கு உங்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் நீங்கள் ஒரு குற்றத்துக்குள் இருக்கிறீர்கள்.

துப்பாக்கி அனுமதிப்பத்திரம் காணி உறுதியைப் போன்றதல்ல, வாரிசுக்கு இறங்காது. அது ஆளுக்குக் கொடுக்கப்படுவது, அந்த ஆளோடு முடிவது. இரும்பும் மரமும் சேர்ந்த பொருள் என்ற அளவில் துவக்கு அப்பாவின் சொத்துத்தான், உங்கள் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் கையில் வைத்திருக்கும் உரிமை அந்தப் பங்கோடு சேர்ந்து வருவதில்லை. அப்பாவே உயிரோடு இருந்திருந்தாலும் அனுமதி டிசம்பர் 31 வரைதான். அடுத்த வருடத்துக்கான புதுப்பிப்பை பாதுகாப்பு அமைச்சு வழமையாக ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை நடத்துகிறது. அந்தத் திகதி தாண்டிய துவக்கு, 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் 22 ஆம் பிரிவுக்குள் வந்துவிடும். “நான் சுடவே இல்லை, அலுமாரியில் சும்மா கிடந்தது” என்பது இந்தக் குற்றத்துக்கு எதிர்வாதம் ஆகாது. வைத்திருந்ததே போதும்.

ஒப்படைக்க வேண்டும் என்றதும் பலர் செய்யும் பிழை, துவக்கைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பொலிசுக்குப் புறப்படுவது. வழியில் சோதனைக்கு மறித்தால் அவர் அனுமதியில்லாத சுடுகலனோடு றோட்டில் பிடிபட்டவர். ஒப்படைக்கத்தான் போனேன் என்பதை அதற்குப் பிறகு நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும். நீங்கள் துவக்கைத் தொடாமல், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அப்பாவின் பெயர், அனுமதிப்பத்திர இலக்கம், இறந்த திகதி, துவக்கு எங்கே இருக்கிறது, தோட்டா எத்தனை, வந்து பொறுப்பேற்கும்படி கேட்கிறேன், அவ்வளவுதான். பிந்தியதற்குக் காரணம் எழுதினால் உண்மையை ஒரு வரியில் எழுதுங்கள், கதை கட்டவேண்டாம். பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து, உங்கள் பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். முடிந்தால் ஒரு சட்டத்தரணியோடு போய்க் கடிதத்தைக் கொடுங்கள். இத்தனை மாதம் வைத்திருந்ததற்கு வழக்குப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தானாக முன்வந்து ஒப்படைத்தவருக்கும் வீட்டைச் சோதித்துப் பிடிபட்டவருக்கும் நீதவான் முன் இருக்கும் வித்தியாசத்தை அந்தக் கடிதம்தான் உண்டாக்கும்.

பொலிசார் எடுத்துப் போகும்போது கொடுக்கும் பற்றுச்சீட்டை நின்று வாசியுங்கள். துவக்கின் தொடர் இலக்கம், செய்த கம்பனி, 12 போர் என்பது, தோட்டா 7 என்ற எண்ணிக்கை, திகதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். “பழைய துவக்கு 1” என்று மட்டும் எழுதியிருந்தால் கையொப்பம் வைக்காமல் திருத்தச் சொல்லுங்கள். தகவல் புத்தகத்தில் போட்ட பதிவின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் துவக்கைக் காணவில்லை, வேறு துவக்கு இருக்கிறது என்று வந்தால் இந்த இரண்டு தாளையும் விட்டால் உங்களிடம் வேறொன்றும் இருக்காது.

இனி அத்தானின் வாதம். அவர் இருக்கும் நாட்டில் அது உண்மை. 1791 இல் வந்த இரண்டாம் திருத்தம் அங்கே ஆயுதம் வைத்திருப்பதை அரசியலமைப்புக்குள் கொண்டுவந்தது. 2008 இல் ஹெலர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்த்தது. 2022 இல் புரூவன் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. வெளியில் துப்பாக்கி கொண்டுசெல்ல விரும்புகிறவர் தனக்கென்று விசேட காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயோர்க் சட்டத்தை 6க்கு 3 என்று தள்ளிவிட்டது. ஆனால் அங்கேயும் வரம்பில்லாத உரிமை இல்லை. வீட்டு வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவு உள்ளவரிடம் ஆயுதம் இருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024 இல் ரஹிமி வழக்கில் அதே நீதிமன்றம் 8க்கு 1 என்று ஏற்றுக்கொண்டது. கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களும் உரிமை என்பவர்களும் அங்கே அடித்துக்கொள்வது, அரசு எங்கே கோடு போடலாம் என்பதில்தான்.

புரூவன் வழக்கில் அங்கே விழுந்த அந்த “காரணம் காட்டு” என்ற சொல்தான் நம்முடைய சட்டத்தின் முதுகெலும்பு. 1978 அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தை 10 ஆம் உறுப்புரையிலிருந்து கடைசிவரை வாசித்தாலும் ஆயுதம் என்ற உரிமை அதில் இல்லை. இங்கே துவக்கு ஒரு சலுகை, ஒரு காரணத்துக்காகக் கொடுக்கப்படுவது, காரணம் போனால் திருப்பி வாங்கப்படுவது. தற்பாதுகாப்புக்கு என்று அனுமதி பெற்றவர்கள் மீளாய்வுக்காகத் தங்கள் துப்பாக்கிகளை 2024 நவம்பர் 7 க்கு முன் வெலிசறைக் கடற்படை முகாமில் ஒப்படைக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சு ஒரே அறிவித்தலில் சொன்னது நினைவிருக்கும். உரிமையாக இருந்தால் அப்படிக் கூப்பிட்டிருக்க முடியாது. இந்த அமைப்பு சரிதானா என்று என்னைக் கேட்டால், சரிதான் என்பேன். நம்முடைய மாவட்டத்தில் துவக்கு மலிந்து கிடந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. கோளாறு சட்டத்தில் இல்லை, விண்ணப்பம் மேசையில் கிடக்கும் காலத்தில்தான்.

ஆகவே நீங்கள் நிரூபிக்க வேண்டியது உரிமையை அல்ல, தேவையை. வயல் காவல் துவக்குக்கான விண்ணப்பம் மாவட்டச் செயலகத்தினூடாகப் போகும். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர், பொலிஸ் ஆகியோரின் அறிக்கைகள் சேர்ந்து பாதுகாப்பு அமைச்சுக்குப் போய்ச் சேர வேண்டும். மரணச் சான்றிதழ், அப்பாவின் கடைசி அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதி, உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பொலிஸ் பற்றுச்சீட்டு எல்லாம் எல்லாரும் வைப்பவைதான். துவக்கில் பங்குள்ள மற்றவர்களின் சம்மதத்தையும் சத்தியக்கடதாசியாக வாங்கி வையுங்கள். வெளிநாட்டில் சகோதரர் யாரும் இருந்தால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ நொத்தாரிசு முன்னிலையிலோ செய்து அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த “எனக்குச் சம்மதம்” போதாது.

கோப்பு வழமையாக முறிவது காணியில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் பெரும்பாலான மேட்டுநிலம் உறுதிக் காணி அல்ல, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. அப்பா பெயரில் பெர்மிட் என்றால் அவர் இறந்தபின் அதை அனுபவிக்கும் முதல் உரித்து அம்மாவுக்கு. அதற்குப் பிறகுதான் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்பட்டவர். “என்னுடைய 2 ஏக்கர்” என்று நீங்கள் எழுதி, பிரதேச செயலகத்தின் காணிக் கிளை “இவர் பெயரில் காணி இல்லை” என்று அறிக்கை கொடுத்தால் அங்கேயே முடிந்தது. அதனால், காணி அம்மாவின் அனுபவத்தில் இருக்கிறது, பயிர் செய்வது நான் என்று எழுதுங்கள். அம்மாவின் கடிதம் ஒன்றை வையுங்கள். வயலுக்கு, கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணிப் பதிவேட்டில் பயிரிடுபவராக உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா பாருங்கள். இன்னும் அப்பாவின் பெயரே கிடந்தால் துவக்கு விண்ணப்பத்துக்கு முதல் அதைத் திருத்துங்கள். உர மானியம் யார் பெயரில் வந்தது என்பதும் நல்ல சான்று.

அடுத்தது சேதம். “யானைத் தொல்லை அதிகம்” என்ற வரிக்குப் பெறுமதி இல்லை. எந்தப் போகம், எந்த இரவு, எத்தனை ஏக்கர், எந்த விலங்கு, யார் பார்த்தார் என்று வேண்டும். ஒவ்வொரு தடவையும் பொலிசில் முறைப்பாடு, வனஜீவராசிகள் அலுவலகத்தில் பதிவு, வட்டைவிதானையும் கமக்காரர் அமைப்பும் கொடுக்கும் கடிதம், கமத்தொழில் காப்புறுதிச் சபைக்குப் போட்ட கோரிக்கையின் பிரதி. சேதம் நடந்த விடியற்காலையில் எடுத்த நாலு படம், மூன்று மாதம் கழித்து எழுதும் நாலு பக்கத்தை விட வேலை செய்யும்.

கிடைத்தாலும் அந்தத் துவக்கால் எதைச் சுடலாம்? யானையைச் சுட முடியாது. வயல் காவல் அனுமதி யானைக்கு எதிரான அனுமதி அல்ல. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையைத் தனியாகக் காக்கிறது. யானைக்கு வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானைவெடியும் மின்வேலியும்தான். களவுக்கு வருபவனைச் சுடலாமா என்றும் பலர் கேட்பதுண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. சொத்துக்காக உயிரை எடுக்கும் எல்லைவரை அது போவது 96 ஆம் பிரிவில் சொன்ன சில நிலைமைகளில் மட்டும்: கொள்ளை, இரவில் வீடுடைப்பு, குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைப்பு, உயிருக்கோ பெருங்காயத்துக்கோ நியாயமான அச்சம் தரும் களவு. நெல் அடிக்கும் களத்தில் நெல்மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனின் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது.

தம்பியின் கட்டுத்துவக்கை இன்றே விடச் சொல்லுங்கள். அதற்கு அனுமதி என்ற ஒன்றே கிடையாது. நூலில் கால் பட்டால் வெடிக்கும் பொறிக்குப் பன்றி எது, விறகுக்குப் போகும் பொம்பிளை எது, பக்கத்து வாடியிலிருந்து காவலுக்கு வரும் பொடியன் எது என்று தெரியாது. ஆள் செத்தால் கவலையீனத்தால் மரணம் விளைவித்தது என்ற 298 ஆம் பிரிவோடு நிற்கும் என்று நினைக்கவேண்டாம். ஆட்கள் நடமாடும் பாதை என்று தெரிந்தே வைத்தவருக்கு எதிராகக் கொலைக் குற்றச்சாட்டு வரைக்கும் போக இடம் உண்டு. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பதும் இதே கதைதான். சட்டப்படியான மின்வேலி எனர்ஜைசர் என்ற கருவி ஒன்றால் விட்டுவிட்டு அடிக்கும், தொட்டவரை உதறித் தள்ளும். வீட்டுக் கரண்ட் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

தம்பி ஏற்கெனவே ஒன்று வைத்துவிட்டு அதனால் கைதானால் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். பொலிசுக்குக் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி அவருக்கு எதிராகப் பாவிக்க முடியாது. ஆனால் “இன்ன மரத்துக்குக் கீழே இருக்கு” என்று சொல்லி, அங்கே போய் அது எடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு சம்பந்தப்பட்ட பேச்சு 27 ஆம் பிரிவால் உள்ளே வந்துவிடும். துவக்கு வழக்குகள் பல நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான்.

கிணறு வெட்டும்போதோ உழும்போதோ யுத்தகாலத்து ஆயுதம் ஏதும் தட்டுப்பட்டால் எடுக்கவும் கூடாது, வேறிடத்தில் மறைக்கவும் கூடாது. மண்வெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பொலிசைக் கூப்பிடுங்கள். டி-56 போன்ற தானியங்கி ஆயுதத்துக்கு 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தத்தின் பின் ஆயுள் தண்டனை வரைக்கும் உண்டு. குழல், பூட்டு போன்ற தனிப் பாகமும் சட்டத்தின் வரைவிலக்கணத்தில் சுடுகலன்தான்.

விண்ணப்பம் போட்டுப் பதிலே வராவிட்டால்? அத்தான் சொன்ன கோர்ட் இங்கேதான் உதவும், ஆனால் அவர் நினைத்த மாதிரி அல்ல. முதலில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டச் செயலகத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள்: என் கோப்பு இப்போது எந்த அலுவலரிடம், எந்தத் திகதியிலிருந்து, எந்த அறிக்கை வரவில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். பாதியளவு கோப்புகள் இந்தக் கேள்விக்கே அசையும். மறுப்பு வந்தால் எழுத்தில், காரணத்தோடு கேட்டு வாங்குங்கள். பக்கத்து வயல்காரருக்குக் கொடுத்து, அதே நிலையில் உள்ள உங்களுக்குக் காரணமின்றி மறுத்திருந்தால், 126 ஆம் உறுப்புரையின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். அங்கே நீங்கள் கேட்பது 12 ஆம் உறுப்புரை தரும் சமத்துவத்தை, துவக்கு உரிமையை அல்ல. காலம் ஒரு மாதம் மட்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. முடிவு சட்டத்துக்கு முரண், நியாயமற்றது என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்கலாம். எதுவானாலும் மறுப்புக் கடிதம் கைக்கு வந்த திகதியைக் கடித உறையோடு சேர்த்து வையுங்கள், முத்திரை குத்திய உறையை எறிந்துவிடவேண்டாம்.