பப்பாளி விதை பையில முளைக்கல, குப்பைக்குழியில மட்டும் எப்படி முளைக்குது?

தாராபுரம் பக்கம் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "சந்தையில வாங்கின பப்பாளி நல்ல ருசியா இருந்துச்சு, விதையை அப்படியே எடுத்து நாத்துப்பையில ஊனிட்டேன். ஒரு மாசம் ஆச்சு, நாலஞ்சு பையிலதான் முளைச்சிருக்கு. ஆனா அழுகின பழத்தை வீசின குப்பைக்குழியில தானா கொத்துக்கொத்தா வந்து நிக்குது. மருந்துக்கடையில ஜிப்ரலிக் ஆசிட்ல ஊறவைக்க சொல்றாங்க, வாட்ஸ்அப்ல இளநீரே போதும்னு வருது. எதைச் செய்ய?"

ரெண்டும் அப்புறம்ங்க, முதல்ல விதையைக் கழுவணும். பப்பாளி விதையைச் சுத்தி வழவழன்னு ஒரு ஜெல்லிப்பை இருக்கு பாருங்க, அதுல முளைப்பைத் தடுக்கிற பீனாலிக் சரக்கு இருக்கு. விதையைக் கடிச்சுப் பார்த்தா கடுகு மாதிரி சுள்ளுனு ஏறுமே, அந்தக் காரம் பென்சைல் ஐசோதயோசயனேட், அது பக்கத்துல கிடக்கிற வேற விதை முளைக்கிறதையே கெடுக்கக்கூடியது. செடி இதை வேணும்னேதான் வச்சிருக்கு, இல்லேன்னா அவ்வளவு ஈரத்துல பழத்துக்குள்ளேயே எல்லா விதையும் முளைச்சுடும். குப்பைக்குழியில என்ன ஆச்சுன்னா பழம் அழுகினப்போ ஜெல்லியும் சேர்ந்து புளிச்சு கரைஞ்சுபோச்சு, மழை கழுவிவிட்டுச்சு, குழியோட சூடும் கிடைச்சுது, அவ்வளவுதான். தக்காளி விதையை சாறோட ரெண்டு நாள் புளிக்கவச்சு அலசுறதும் இதுக்குத்தான்.

இப்ப ஹார்மோன் விஷயத்துக்கு வரேன். விதைக்குள்ள ரெண்டு பேர் எதிரும் புதிருமா வேலை பார்க்கிறாங்க, அப்சிசிக் ஆசிட் தூங்க வைக்கும், ஜிப்ரலின் எழுப்பிவிடும் (கடையில சொல்ற ஜிப்ரலிக் ஆசிட் இந்த ஜிப்ரலின்ல ஒண்ணுதான்). ஜிப்ரலின் கைக்கு வந்தாத்தான் விதையில சேர்த்துவச்ச சாப்பாட்டை உடைக்கிற என்சைம் எல்லாம் உற்பத்தியாகும், பார்லியில இதை நல்லா ஆராய்ஞ்சிருக்காங்க, அப்சிசிக் ஆசிட் தூக்கலா இருந்தா அந்த உற்பத்தியே நின்னுடும். ஆக தனித்தனியா எவ்வளவு இருக்குங்கிறதை விட எது மேல எது கீழங்கிறதுதான் கணக்கு. பிச்சாவரத்துல சுரபுன்னை காய் மரத்துல தொங்கும்போதே முளைவிட்டு நீளமா நிக்கும், பார்த்திருப்பீங்க, அதுல இந்தத் தூக்கம் கிட்டத்தட்ட கிடையாது. சிலசமயம் பப்பாளியை வெட்டினா உள்ளேயே விதை முளைச்சிருக்குமே, அங்கேயும் இந்தக் காவல் தளர்ந்துபோச்சுன்னு அர்த்தம், பழத்தைத் தாராளமா சாப்பிடலாம்.

செய்யவேண்டியது இதுதான். நல்லா பழுத்த பழத்துல கருத்த விதையை மட்டும் எடுங்க, வெள்ளையும் மிதக்கிறதும் வேண்டாம். ஒண்ணு ரெண்டு நாள் தண்ணியில போட்டு புளிக்க விடுங்க, அப்புறம் சாம்பலோ மணலோ போட்டு சாக்குத்துணியில வச்சு தேய்ச்சீங்கன்னா ஜெல்லி உடைஞ்சு வந்துடும், வழவழப்பு சுத்தமா போறவரைக்கும் அலசி நிழல்ல காயவைங்க. வெயில்ல போட்டுடாதீங்க. ஒரு பைக்கு நாலு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல போகக்கூடாது. ரெண்டு மூணு வாரத்துல வரும், மார்கழி தை குளிர்ல இன்னும் இழுக்கும்.

இவ்வளவும் செஞ்சும் ஒரே சீரா முளைக்கணும்னா ஜிப்ரலிக் ஆசிட் உதவும், 100 பிபிஎம்ல (அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணிக்கு நூறு பங்கு) ஒரு ராத்திரி ஊறினா போதும். ஆனா கடையில பாட்டில்ல கிடைக்கிறது பெரும்பாலும் 0.001 சதவீதம்தான், அதாவது வெறும் 10 பிபிஎம், அது இலையில அடிக்கிறதுக்கு, அதையும் தண்ணி கலந்து விதை நனைச்சா என்ன வரும்? பவுடர்னா 1 கிராமை கொஞ்சம் ஸ்பிரிட்ல கரைச்சு (தண்ணியில நேரா போட்டா சுலபமா கரையாது) ஒரு லிட்டர் ஆக்கிட்டு, அதுல 100 மில்லி எடுத்து மறுபடி ஒரு லிட்டர் ஆக்குங்க, கிட்டத்தட்ட 100 பிபிஎம். உப்புத்தண்ணி போர்வெல் வேண்டாம், காரத்தன்மையில இது சீக்கிரம் சிதைஞ்சுடும், மழைத்தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ நல்லது. கூடப்போட்டா கூட லாபம்னு நினைக்காதீங்க, நாத்து மெலிஞ்சு நெட்டையா போய் சாயும். இந்த ஹார்மோனைக் கண்டுபிடிச்சதே அப்படித்தான், 1926ல குரோசாவாங்கிறவர் தைவான்ல ஒரு பூஞ்சை தாக்கி நெல்லு கன்னாபின்னான்னு உயரமா வளர்ந்து விழுறதை ஆராயப்போய், அந்தப் பூஞ்சை கசியவிட்ட சரக்கே அதுக்குக் காரணம்னு காட்டினார்.

இளநீரும் பொய் இல்ல, அதுல சைட்டோகைனின்ங்கிற இன்னொரு வளர்ச்சி ஹார்மோன் இருக்கு, 1941லேயே தேங்காய்த் தண்ணியை ஊமத்தை கருவை வளர்க்க லேப்ல பயன்படுத்திட்டாங்க. ஆனா காய்க்குக் காய் அளவு மாறும், சர்க்கரை இருக்கிறதால ராத்திரி முழுக்க ஊறவச்சா பூசணம் வரும். சில மணி நேரம் ஊறவச்சு அலசிட்டு ஊனுங்க, என்னைக் கேட்டா கழுவின விதைக்கு அதுவே தாராளம், வீட்டுத்தோட்டத்துக்கு பவுடர் வாங்குறது வீண் செலவு.

இன்னொண்ணு, அந்தப் பழம் ரெட் லேடி மாதிரி ஹைபிரிட்டா இருந்தா விதை முளைக்கும், ஆனா அதே ருசியும் காய்ப்பும் வரும்னு எதிர்பார்க்காதீங்க. தோட்டமா போடுறதா இருந்தா விதையை விலைக்கே வாங்கிடுங்க.

ஏற்கனவே ஊனின பையைக் கொட்டிடாதீங்க. மண்ணுக்குள்ள ஜெல்லி மெதுவா மக்கிட்டிருக்கும், தண்ணியைக் குறைச்சு மேல்மண் லேசா ஈரமா மட்டும் வச்சிருங்க, சொதசொதன்னு இருந்தா முளைச்சதும் அழுகிடும். இன்னொரு ரெண்டு வாரம் பார்த்துட்டு வராத பையில கழுவின விதையை ஊனுங்க, இல்லேன்னா குழியில நிக்கிற நாத்தையே வேர் அறுபடாம மண்ணோட எடுத்து பைக்கு மாத்திடுங்க.