டிசம்பர் லீவுக்குக் கிராமத்து வீடு: கார்டில் போடலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். மாட்ரிட் பக்கத்தில் கெத்தாஃபேயில் இருக்கிறோம். ஸ்பெயினுக்கு வந்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. கணவருக்கு மட்டும்தான் வேலை. கைக்கு வருவது மாதம் 2,300 யூரோ, வருஷத்துக்கு 14 சம்பளம் (ஜூனிலும் டிசம்பரிலும் ஒவ்வொரு எக்ஸ்ட்ரா). வாடகை 950, ஊரில் மாமியாருக்கு அனுப்புவது 250. சேமிப்பு 3,600 யூரோ. பையனுக்கு 5 வயது, பெண்ணுக்கு இப்போதுதான் 2 முடிந்தது. டிசம்பர் 6, 8 விடுமுறையை ஒட்டி செபூல்வெதா பக்கம் ஒரு கிராமத்து வீடு எடுத்து மூன்று ராத்திரி தங்கலாம் என்கிறார் கணவர். வீட்டுக்கு 480, வாடகைக் காருக்கு 190, சாப்பாடு அது இது என்று ஆயிரத்தைத் தொட்டுவிடும். வங்கி கொடுத்த கார்டில் போட்டால் மாதம் 40 யூரோ கட்டினால் போதுமாம். இல்லையென்றால் சென்னையில் எட்டு மாதத்துக்கு முன் போட்ட என்ஆர்இ (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான) டெபாசிட்டை உடைக்கலாம் என்கிறார். அடுத்த கோடைக்கு ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமே என்று எனக்குக் கவலை. கார் ஓட்ட அவரிடம் இந்திய லைசென்ஸும் சர்வதேச பெர்மிட்டும் இருக்கின்றன. போகலாமா, வேண்டாமா?

பதில்: போய்விட்டு வாருங்கள். ஆனால் அந்தத் தேதியில் வேண்டாம், அந்தக் கார்டை வைத்தும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காரில் வேண்டாம்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த லைசென்ஸ் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். ஸ்பெயினில் குடியிருப்பு உரிமை கிடைத்து 6 மாதம் வரைதான் இந்திய லைசென்ஸ் செல்லும். அதற்குப் பிறகு சர்வதேச பெர்மிட் இருந்தாலும் பயனில்லை, அது மூல லைசென்ஸைச் சார்ந்தே நிற்கும் காகிதம். வாடகைக் கார் கம்பெனிக்காரர் சாவியைக் கொடுத்துவிடலாம். அதை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். போலீஸ் நிறுத்தினால் நூற்றுக்கணக்கான யூரோ அபராதம். யார் மேலாவது மோதிவிட்டால், அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை ஓட்டியவரிடமே திருப்பிக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் ஆயிரம் யூரோவை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். அந்த ஆயிரத்துக்குப் பின்னால் இன்னும் எத்தனை சைபர் சேரும் என்பதுதான் என் பயம்.

கணவரை இங்கேயே லைசென்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். எழுத்துத் தேர்வை மாட்ரிட்டில் ஆங்கிலத்திலேயே எழுதலாம். 30 கேள்வி, 3 தப்பு வரை விடலாம். அரசுக் கட்டணம் சுமார் 94 யூரோ, ஓட்டுநர் பள்ளிக்கு வகுப்புக் கணக்கில் தனியாக ஆகும். அது கைக்கு வந்த பிறகு செபூல்வெதா எங்கே ஓடிப்போகிறது? துராத்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடுவதைப் பையன் 6 வயதில் பார்த்தாலும் வாயைப் பிளப்பான். பாறை விளிம்பில் நடக்க வேண்டிய இடம் அது. கையை உதறிக்கொண்டு ஓடும் 2 வயதுக் குழந்தையோடு இந்த வருஷம் போகாமலிருப்பதும் நல்லதுதான்.

அடுத்தது கார்டு. "மாதம் 40 கட்டினால் போதும்" என்பதுதான் ஸ்பெயினில் ரிவால்விங் என்று சொல்கிற கடன். எத்தனை சதவீத வட்டி என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வகையில் 20-க்கு மேல் சகஜம் என்பதால் 22 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். முதல் மாதம் கட்டும் 40-ல் 18 யூரோ வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் குறைவது 22-தான். இப்படியே கட்டினால் ஆயிரம் யூரோ அடைய கிட்டத்தட்ட 34 மாதம் ஆகும், வட்டி மட்டும் சுமார் 350 யூரோ. மூன்று ராத்திரித் தங்கலுக்கான கடைசித் தவணையைக் கட்டும்போது உங்கள் பெண் 5 வயதை நெருங்கியிருப்பாள். இந்தக் கார்டுகளால் நொந்தவர்கள் இங்கே ஏராளம். 26.82 சதவீத வட்டி வாங்கிய ஒரு கார்டு ஒப்பந்தத்தைக் கந்துவட்டி என்று சொல்லி, அந்த ஒப்பந்தம் செல்லாது என்ற முடிவை 2020 மார்ச்சில் ஸ்பெயின் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது.

இன்று ராத்திரியே வங்கியின் ஆப்பைத் திறந்து அந்தக் கார்டு எந்த முறையில் இருக்கிறது என்று பாருங்கள். "மாதாமாதம் நிலையான தொகை" என்று இருந்தால், "மாதக் கடைசியில் முழுத் தொகை" என்று மாற்றிவிடுங்கள். பயணம் போனாலும் போகாவிட்டாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். பலருக்குக் கார்டு கையில் வரும்போதே தவணை முறையில்தான் வருகிறது, காய்கறி வாங்கினால்கூட அதற்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

சென்னை டெபாசிட்டைத் தொடாதீர்கள். என்ஆர்இ டெபாசிட்டை ஒரு வருஷம் முடியுமுன் உடைத்தால் வட்டி ஒரு பைசா கிடைக்காது. எட்டு மாதம் காத்திருந்தது வீணாகிவிடும். இன்னொரு விஷயம்: நீங்கள் இப்போது ஸ்பெயினின் வரி வசிப்பாளர்கள் என்பதால், இந்தியாவில் வரியில்லாத அந்த வட்டியை இங்கே வருமானமாகக் காட்ட வேண்டும். இதுவரை காட்டவில்லையென்றால் கணவர் ஒரு வரி ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

சரி, தேதிக்கு வருவோம். டிசம்பர் 6 அரசியல் சாசன நாள், 8 அமலோற்பவ மாதா திருநாள். இரண்டையும் ஒட்டி லீவு போட்டு மாட்ரிட்டே ஊரைக் காலி செய்யும். இப்படி லீவுகளைச் சேர்த்து நீட்டும் புவெந்தே நாட்களில் கிராமத்து வீட்டுக்காரர்கள் விலையை ஏற்றுவார்கள், குறைந்தது மூன்று ராத்திரி என்று நிபந்தனையும் போடுவார்கள். உங்களிடம் மூன்று ராத்திரி கேட்பது அதனால்தான். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: கணவரின் டிசம்பர் எக்ஸ்ட்ரா சம்பளம் பொதுவாகக் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால்தான் வரும். அதாவது பணம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே செலவு செய்யப் பார்க்கிறீர்கள், அதற்குத்தான் கார்டு தேவைப்படுகிறது. மூன்று ராஜாக்கள் பண்டிகை ஜனவரி 6-ல் முடிந்ததும் ஊர் அடங்கிவிடும். அப்போது இரண்டு ராத்திரிக்கே வீடு கிடைக்கும், விலையும் இறங்கும்.

என்னைக் கேட்டால் பிப்ரவரியில் ஒரு வெள்ளி சாயங்காலம் கிளம்பி செர்செதியா போய்வாருங்கள். குவாதர்ராமா மலையடிவாரத்தில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். பைன் காடு, ஃபுவென்ஃப்ரீயா பள்ளத்தாக்கு, கல் பாவிய பழைய ரோமானியப் பாதை என்று எல்லாம் உண்டு. எதற்கும் நுழைவுச்சீட்டு கிடையாது. அந்த மாதத்தில் மேலே பனி கிடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கெத்தாஃபேயில் சி-4 ரயில் ஏறி, மாட்ரிட்டில் சி-8-க்கு மாறினால் போதும். 6 வயது ஆகாத குழந்தைகளுக்கு இந்த ரயிலில் டிக்கெட் இல்லை. பெரியவர்கள் இருவருக்கும் போகவர சேர்த்தே ஒரு நாள் கார் வாடகைக்கு மிகக் கீழேதான் வரும். ஊர் மாட்ரிட் மாநிலத்துக்குள்ளேயே இருப்பதால் ராத்திரி காய்ச்சல் அடித்தாலும் உங்கள் சுகாதார அட்டையிலேயே மருத்துவம் பார்க்கலாம்.

வீடு எடுக்கும்போது சமையலறை கட்டாயம் இருக்கட்டும். கிராமத்து உணவகங்களில் மத்தியானச் சாப்பாடு 2 மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு 9-க்கு மேல். ஏழரைக்கே கண் சொக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு 9 மணிவரை உட்கார முடியாது, உட்கார்ந்தாலும் பில்லைக் கொடுத்துவிட்டு அழுகையைச் சமாளிக்க வேண்டியிருக்கும். அரிசி, பருப்பு, ரசப்பொடி எடுத்துப்போய் ராத்திரி வீட்டில் பொங்கிக்கொள்ளுங்கள், ஒரு மத்தியானம் மட்டும் வெளியே நன்றாகச் சாப்பிடுங்கள். இரண்டாவது நாள் வெளியே சாப்பிடாமல் மிச்சமாகும் பணம் வீட்டு வாடகையில் ஒரு நல்ல பங்கை ஈடுகட்டும். அடுப்பு என்ன வகை என்று முன்கூட்டியே கேளுங்கள். இண்டக்‌ஷனாக இருந்தால் நீங்கள் கொண்டுபோகும் அலுமினியக் குக்கர் அதில் வேலை செய்யாது.

பணத்தை இப்படிப் பிரிக்கச் சொல்வேன். டிசம்பர் எக்ஸ்ட்ரா சம்பளம் 2,300 யூரோ என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகை எக்ஸ்ட்ராவில் தனியாகப் பிடிபடாது என்பதால் கொஞ்சம் கூடவே வரலாம். அதில் 400 பயணத்துக்கு, எல்லாம் சேர்த்து. அதற்குள் அடங்காத வீட்டைப் பார்க்கவே வேண்டாம். 1,100 ஊர் டிக்கெட்டுக்கு. உங்கள் கவலை நியாயமானது: பெண்ணுக்கு 2 வயது முடிந்துவிட்டதால் இனி மடியில் வைத்துக் கூட்டிப்போக முடியாது, நான்கு இருக்கைக்கும் பணம் கட்ட வேண்டும். ஜூன் எக்ஸ்ட்ரா வரும்வரை காத்திருந்தால் கோடை விலை எகிறியிருக்கும். அதனால் ஜனவரியிலேயே இந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, மாதாமாதம் முடிந்ததைச் சேர்த்து டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். மீதி 800 சேமிப்பில் சேர்ந்தால் அது 4,400 ஆகும். உங்கள் மாதச் செலவு 2,100 பக்கம் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு மூன்று மாதச் செலவாவது கையில் இருக்க வேண்டும் என்பேன். இரண்டு வருஷம் சந்தா கட்டியிருப்பதால், கணவருக்கு வேலை போனாலும் எட்டு மாதத்துக்கு வேலையின்மைப் படி கிடைக்கும். அந்தத் தைரியத்தில்தான் 400-க்குச் சம்மதிக்கிறேன்.

வீட்டை உறுதி செய்யுமுன் உரிமையாளரிடமே போனில் பேசுங்கள். சூடேற்றும் செலவும் விறகும் வாடகையில் சேர்ந்ததா, சுத்தம் செய்யத் தனிக் கட்டணமா, முன்பணம் எவ்வளவு, தொட்டில் உண்டா என்று கேளுங்கள். பிப்ரவரி மலைக் குளிரில் சூடேற்றும் செலவு தனி என்றால் அந்த மலிவு விலை மலிவே அல்ல. சுற்றுலாப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டே முழுப் பணத்தையும் பிஸுமில் (போன் வழியாக உடனடியாகப் பணம் அனுப்பும் முறை) உடனே அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். வீட்டில் நுழையும்போது உங்கள் எல்லோருடைய விவரங்களையும் பதிவு செய்ய உரிமையாளர் சட்டப்படி கடமைப்பட்டவர், எனவே குடியிருப்பு அட்டைகளையும் குழந்தைகளின் பாஸ்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.