உறைந்த கருவுக்கு வயதாகாது

கே: சோதனைக் குழாய் குழந்தைக்கு முயல்கிறேன். எனக்கு எடை அதிகம். கரு தரமாக இருக்குமா?

ப: எத்தனை கிலோ, என்ன உயரம், என்ன வயது? எதுவும் எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும். பொதுவாக பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 30-ஐத் தாண்டினால் முட்டை வளர்க்கும் ஊசி மருந்து கூடுதலாகத் தேவைப்படும், கிடைக்கும் முட்டைகள் குறையலாம். முட்டையைச் சுற்றியுள்ள நீரில் இன்சுலினும் கொழுப்பும் ஏறுவதால் முட்டைக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறும். ஆனால் குரோமோசோம் கோளாறுக்கு முதல் காரணம் வயதுதான். ஆகவே, வயதை எழுதுங்கள்.

கே: குண்டானவர்களின் கருவில் கொழுப்பு இருப்பதால் உறைய வைத்தால் செத்துவிடுமாமே?

ப: அது பன்றிக் கருவின் கதை. அதில் கொழுப்புத் துளிகள் அப்பிக் கிடக்கும், குளிர் தாங்காது. மனிதக் கருவை விட்ரிஃபிகேஷன் என்ற அதிவேக உறைய வைக்கும் முறையில் மைனஸ் 196 டிகிரிக்குக் கொண்டுபோனாலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைத்துவிடும். உருக்கியதும் வாடிய திராட்சை மாதிரி சுருங்கிக் கிடக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் நீர் நிரம்பி உப்பிவிடும்.

கே: வயது 38, பிஎம்ஐ 34. பதினைந்து கிலோ குறைத்துவிட்டு வரச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் நாலு கிலோதான் குறைந்தது.

ப: இந்தக் கடிதம் வராத மாதமில்லை. எடை குறைந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், பேறுகாலச் சிக்கல் எல்லாம் குறையும், மறுக்கவில்லை. அதற்காக ஒரு வருடம் வாசலில் நிற்க வைப்பதா? 2016-இல் நெதர்லாந்து ஆய்வும் 2017-இல் ஸ்வீடன் ஆய்வும் இதையே சோதித்தன. பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவை முதலில் இளைக்க வைத்தார்கள். இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் அந்தப் பிரிவில் கூடுதல். ஆனால் குழந்தை பிறந்த கணக்கில் அது முந்தவில்லை. 35 வயதுக்கு மேல் முட்டைக்கு வருடா வருடம் நஷ்டம். இப்போதே முட்டை எடுத்து, ஐந்தாம் நாள் கருவை உறைய வையுங்கள். உறைந்த கருவுக்கு வயதாகாது. பிறகு ஆறு மாதம் நிதானமாக இளைத்துவிட்டுக் கருவை வைத்துக்கொள்ளலாம். பிஎம்ஐ 40-ஐ ஒட்டினால் மயக்க மருந்துக்காகத் தயங்குவதில் நியாயமுண்டு. 34-க்கு அந்தச் சாக்கு எடுபடாது. வேறு மருத்துவரைப் பாருங்கள். ஒன்று, முட்டை எடுக்கிற மாதத்தில் பட்டினி கிடக்காதீர்கள்.

கே: கிரேடு 4ஏஏ, அதாவது பார்வைக்கு உயர்தரமான கரு. அப்படியும் கலைந்துவிட்டது. ஏன்?

ப: கிரேடு என்பது முகவெட்டு, ஜாதகமல்ல. எடை அதிகமென்றால் குரோமோசோம் சரியான கருவை வைத்தாலும் கலைவது சற்றுக் கூடும், கருப்பைக்கும் பங்குண்டு. தைராய்டு, சர்க்கரை பார்த்தாயிற்றா? உங்கள் வயதையும் எழுதவில்லை.

கே: எடை குறைக்கும் ஊசி போடுகிறேன். அடுத்த வாரம் முட்டை எடுக்கிறார்கள். சொல்ல வேண்டுமா?

ப: இன்றே சொல்லுங்கள்! இரைப்பை காலியாகத் தாமதமாகும்; மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். செமாக்ளூடைடு என்றால் கரு வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பாவது நிறுத்தியிருக்க வேண்டும்.

கே: கணவரும் குண்டு. அவரும் குறைக்கணுமா?

ப: பின்னே? விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். இன்றைக்கே நடக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.