பல் தேய்த்தால் ரத்தம், உடம்பெல்லாம் அழற்சி: ஈறு பற்றி வாசகர் கேள்விகள்

பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது. வலி இல்லை. பிரஷ் பட்டதுதான் காரணம் என்று விட்டுவிட்டேன். சரிதானே?

சரியில்லை. ஆரோக்கியமான ஈறில் பிரஷ் பட்டு தினமும் ரத்தம் வராது. ஈறு விளிம்பில் படியும் கிருமிப் படலம் நாளடைவில் காரையாக இறுகுகிறது. அதை எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டைதான் சிவப்பும் வீக்கமும் ரத்தமும். இதைத்தான் அழற்சி என்கிறோம். ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளம் 3 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு. நோய் முற்றினால் அது ஆழமான பையாகிவிடும். வாய் முழுக்க இப்படி இருப்பவர்களுக்கு, உள்ளே புண்ணான பரப்பு 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு, மூன்று பத்து ரூபாய் நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு! காலில் அவ்வளவு புண் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுவோம். வாய்க்குள் கண்ணில் படாததால் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

புகை பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகத்தான் தெரியும். அதை வைத்து ஈறு நன்றாக இருப்பதாக நம்பிவிடாதீர்கள்.

அம்மாவுக்குச் சுகர். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை. டாக்டர் பல்லைக் காட்டச் சொல்கிறார். பல்லுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்?

அந்த டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். ஈறுப் புண் வழியாகக் கிருமிகள் அடிக்கடி ரத்தத்தில் கலக்கின்றன. ஈறில் உருவாகும் இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் பொருள்களும் ரத்தத்தோடு போகின்றன. அதைக் கண்டு கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. உடம்பு முழுக்க இப்படி அழற்சி கனன்றுகொண்டே இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சுகர் ஏறும். சுகர் ஏறினால் ஈறுப் புண் ஆறாது. ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும்.

பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட தொகுப்பின்படி, ஈறு சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று, நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்தது. எண் சின்னதுதான், ஆனால் சுகருக்கு அது பெரிய உதவி. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துப் போங்கள். அம்லோடிபின் போன்ற சில பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும்.

ஈறு நோய் வந்தால் மாரடைப்பு வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

பாதி உண்மை. ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோய் அதிகம் காணப்படுகிறது. ஆனால் புகை, சுகர், வயது என இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் பல. ஈறு நோய்தான் மாரடைப்பைக் கொண்டுவருகிறது என்பது நிரூபணமாகவில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் தெளிவாகவே சொன்னது. 2007இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. தீவிர ஈறு சிகிச்சை முடிந்த மறுநாள் உடம்பில் அழற்சி கூடியது, ரத்தக் குழாய்கள் விரியும் திறனும் குறைந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தத் திறன் முன்பைவிட மேம்பட்டிருந்தது. ஆகவே அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்டுவிட்டே ஈறு சிகிச்சைக்கு வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எனக்கு முடக்குவாதம். எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டால் மூட்டுவலி போய்விடும் என்கிறார் உறவினர் ஒருவர்.

தயவுசெய்து வேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாடுகளில் இதே நம்பிக்கையில் எத்தனையோ பேருக்குப் பல்லைப் பிடுங்கினார்கள். மூட்டுவலி போகவில்லை, பல்தான் போனது. ஈறு நோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு இருப்பது உண்மை. அதற்காகப் பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை, ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தால் போதும்.

கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்களே?

ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரைதான் கட்டிப் பிடித்திருந்தது. அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். வீக்கம் வற்றினால் பல இடங்களில் ஈறு மறுபடி பல்லை இறுக்கிக்கொள்ளும். சில நாள் கூச்சம் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.